பாஞ்சாலையின் குரல் ஏறிய புளியமரம்

எண்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் பாஞ்சாலையின் குரல் அவளை விட்டுக் கிளம்பி, வீட்டுக்குப் பின்னாலிருந்த புளியமரத்தில் ஏறிக்கொண்டது. அந்த வருஷம் மரத்தில் நல்ல காய்ப்பு. அமிர்திக் காட்டுக்கு மேலே அந்த மலையூரில் புளி உலுக்கும்போது கீழே பொறுக்கும் பெண்கள் பாடிக்கொண்டே இருக்கவேண்டும். பாட்டு எந்தப் பக்கம் கேட்கிறதோ அங்கே கீழே ஆள் இருக்கிறது என்று மேலே இருப்பவன் அந்தக் கிளையைத் தொடமாட்டான். அந்தப் பாட்டுகள் முழுசாகத் தெரிந்தவள் பாஞ்சாலை ஒருத்திதான். அவற்றை டேப்பில் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லித்தான் பாண்டுரங்கன் அவளைக் கட்டினான்.

எழுபத்துமூன்றில் டேப் ரிக்கார்டர் வந்தது. அவள் தலை வாரி, தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தாள். மைக் சரியில்லை என்றான். மறு வருஷத்துப் புளி புது மைக்காக வந்தது. கோழிச் சத்தம் விழுகிறது என்று சுவரெல்லாம் சாக்கு அடித்தான். பிறகு பெரிய ரிக்கார்டர், அதற்கு ஆம்ப்ளிஃபயர், அதற்கு ஒடுகத்தூரிலிருந்து கார் பாட்டரி. உள்ளே இடமில்லாமல் சாமை மூட்டைகள் வாசலில் நனைந்தன. ஒரு பாட்டு பிடித்தானா, பாவி!

“இன்னாய்யா, இன்னைக்காவது புடிப்பியா?”

“கொஞ்சம் பொறு பாஞ்சாலை. திருப்பத்தூர்ல மிக்சர் ஒண்ணு வந்துக்குதாம். அது வந்தா சுத்தமா வுழும்.”

“வூடு நெறைய பெட்டி, ஒண்ணுக்கும் காது இல்ல. எனக்கு வயிறு எரியுதுய்யா.”

அவன் ‘பொறு’ என்ற ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டு அவள் தொண்டையிலிருந்து எழுந்து பின்வாசல் வழியாகப் போனது. கோழிகள் ஒதுங்கி வழிவிட்டன. கடைசிப் பாட்டோடு பேச்சும் போய்விட்டது.

மறுநாள் மிக்சரைத் தலையில் சுமந்துகொண்டு பாண்டுரங்கன் மலையேறி வந்தான். ஒயரையெல்லாம் மாட்டி, நாடாவைச் சுற்றவிட்டு, “இப்ப பாடு” என்றான். அவள் வாயைத் திறந்தாள். பின்னால் மரம் பாடியது. அவன் மைக்கோடு மரத்தில் ஏறி, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு இறங்கினான்.

“காத்து எரைச்சல் வுழுது. மைக்குக்கு ஒரு உறை வாங்கணும்.”

பாஞ்சாலை அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். ஒயரை அரிவாளால் அறுத்தாள்.

அந்த மரத்தை அதற்கப்புறம் யாரும் உலுக்கவில்லை. எந்தக் கிளையில் கால் வைத்தாலும் அங்கே பாட்டு கேட்டது. கேட்கிற கிளையை எப்படி உலுக்குவது? உலுக்காத மரத்துக்கு வியாபாரி வரவில்லை, கையில் காசில்லாத பாண்டுரங்கனுக்கும் திருப்பத்தூரில் வேலையில்லாமல் போயிற்று. தானாக உதிர்கிற புளி வீட்டுக் குழம்புக்குப் போதும். பாஞ்சாலை மரத்தடியில் உட்கார்ந்து அந்த மைக்காலேயே புளியம்பழத்தின் ஓடு தட்டுகிறாள். நல்ல கனம், ஒரே தட்டில் ஓடு கழன்றுவிடுகிறது.