முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை

ஒட்டடையின் சட்டைகளில் எப்போதும் இடது கை மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். அவன் அம்மா தையற்கடை வைத்திருப்பவள். மகனுக்குத் தைக்கும்போது வலது கையை அளவாகவும் இடது கையை ஒரு சுற்று தாராளமாகவும் வெட்டுவாள். முழங்கைக்கு மேல் மடித்தால் இறங்காமல் நிற்பதற்கு உள்பக்கம் ஒரு பட்டனும் உண்டு. கல்லூரியில் யாராவது கேட்டால், அம்மாவுக்கு அளவு தப்பிவிட்டது என்று சிரித்து மழுப்பிவிடுவான். ஊருக்கெல்லாம் நூல் பிசகாமல் தைக்கிறவளுக்குப் பெற்ற பிள்ளையின் கை அளவு எப்படித் தப்பும் என்று யாரும் யோசிக்கவில்லை. காரணம் தெரிந்தவன் சாமியார் ஒருவன்தான்.

சாமியாருக்குப் பக்தியெல்லாம் கிடையாது. பத்துப் பேர் பேசுகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அதனால் வந்த பெயர். ஒட்டடைக்கு உயரத்தால் வந்தது. அவன் தலையில் ஒரு துணியைக் கட்டிவிட்டால் விடுதி முழுக்கக் கூரையைச் சுத்தம் செய்துவிடலாம் என்பார்கள். இருவரும் கட்டடக் கலை மாணவர்கள். முதல் வருடத்திலிருந்தே ஒரே அறை.

ஒட்டடையின் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டு வந்தது. நேரே இருப்பது பளிச்சென்று தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. வெளிச்சம் குறைந்தால் நேரே இருப்பதும் போய்விடும். அது எப்படியிருக்கும் என்று காட்ட, ஒருநாள் வரைதாளைக் குழாய்போலச் சுருட்டி சாமியாரின் ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் போய் வரச் சொன்னான். சாமியார் இரண்டு நாற்காலிகளையும் ஒரு தண்ணீர் வாளியையும் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“எனக்கு மட்டும் ஜன்னலைச் சின்னதா வச்சுக் கட்டிட்டாங்கடா” என்றான் ஒட்டடை. “யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா நாளைலேர்ந்து எல்லாரும் ‘படி வருது, படி வருது’ன்னு பின்னாடியே வருவாங்க. படி என்னைக்குடா வந்திருக்கு? நாமதான் போகணும்.”

அந்தச் சின்ன ஜன்னல் வரைபலகைக்குப் போதுமானதாக இருந்தது. வகுப்பிலேயே சுத்தமான கோடு அவனுடையது. கால்பந்துக்கு அது போதவில்லை. உயிரை விடுகிற அளவுக்கு அவனுக்கு அந்த ஆட்டத்தின்மேல் ஆசை. ஆனால் தொலைக்காட்சியில் பந்து அவன் ஜன்னலுக்குள் வந்ததும் வெளியே ஓடிவிடும். ஒருமுறை எப்படி கோல் விழுந்தது என்று விளக்கப் போன சாமியார், வாயால் சொல்ல வராமல், அவன் முன்கையிலேயே விரலால் வரைந்து காட்டினான். அன்று பிடித்துக்கொண்டது அந்தப் பழக்கம். முழங்கை மடிப்பு ஒரு கோல், மணிக்கட்டு மறு கோல். ஒரு விரல் ஓடினால் பந்து. நகத்தால் கிள்ளினால் ஃபவுல். மணிக்கட்டு எலும்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் கார்னர். கோல் விழுந்தால் உள்ளங்கையில் ஓர் அடி. நாளடைவில் விரல் போகிற வேகத்தை வைத்தே ஒட்டடை, “ஆஃப்சைடுடா அது” என்று நடுவருக்கு முன்னால் சொல்ல ஆரம்பித்தான். விஷயம் அம்மாவின் காதுக்குப் போனது. அடுத்த சட்டையின் இடது கையைத் தாராளமாக வெட்டினாள்.

கடைசி வருடத்தில் பேராசிரியர் கட்டடங்களைக் காட்டுவதற்காக வகுப்பையே வெளிநாட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அந்த நேரத்தில் அங்கே கால்பந்துப் போட்டித் தொடர் நடந்துகொண்டிருந்தது. புதிதாகக் கட்டியிருந்த மைதானமும் பார்க்க வேண்டிய கட்டடங்களில் ஒன்று என்று சொல்லி, ஓர் ஆட்டத்துக்கு அனைவருக்கும் இடம் வாங்கிவிட்டார். தூண் இல்லாமல் கூரை எப்படி நிற்கிறது என்று பார்த்து வரைய வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. கூரையைப் பற்றி யாருக்குக் கவலை.

விமான நிலையத்தில் ஒட்டடையின் அம்மா புது மஞ்சள் சட்டை ஒன்றை மகன் பையில் திணித்தாள். பிறகு சாமியாரைப் பார்த்து, “தம்பி, பாத்துக்கப்பா” என்றாள். அவன் தலையாட்டினான். அவள் அவனுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றதுபோல அவனுக்குத் தோன்றியது.

மைதானத்தின் படிகளில் ஏறும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ஒட்டடை வழக்கம்போல சாமியாரின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். பார்க்கிறவர்களுக்கு அது சிநேகம். இடத்தில் உட்கார்ந்ததும் மஞ்சள் சட்டையின் இடது கையை மடித்துப் பட்டனைப் போட்டு, முன்கையைத் தன் முழங்காலின்மேல் நீட்டி வைத்தான். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. சாமியார் அவனுக்கு இடப்பக்கம். பின்வரிசையில் ரேடியோ.

அணைக்க முடியாததால் ரேடியோவுக்கு அந்தப் பெயர். தேசிய கீதம் பாடும்போதுகூட அடுத்தவனிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். மைதானத்தின் மூலையில் இருந்த பெரிய திரை அவனுக்கு வசதியாகப் போயிற்று. ஆட்டம் தொடங்குமுன் அதில் பார்வையாளர்களின் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒரு ஜோடி கைகோத்திருப்பதைக் காட்டியதும் கூட்டம் ஊளையிட்டது. ரேடியோ முன்னால் குனிந்து இருவருக்கும் நடுவில் தலையை நீட்டினான்.

“அடுத்து நீங்கதான் மாப்ள. கைய நல்லா தெரியிற மாதிரி வச்சுக்கோங்க. விட்டா ஓடியா போயிடுவான்?”

வரிசையே சிரித்தது. ஒட்டடையும் சிரித்தான். இதெல்லாம் விடுதியிலும் உண்டு. ஆனால் விடுதியின் பொது அறை வேறு. அங்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். இங்கே இத்தனை வெளிச்சத்தில், இத்தனை பேருக்கு நடுவில், ஒரு கேமரா எங்கிருந்தோ தன்னைத் தேடிக்கொண்டிருப்பதுபோல சாமியாருக்குப் பிடரி கூசியது. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம் விரல் ஓடியது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி, அதை எடுத்து வருவதற்காக ஆட்டம் நின்றபோது, கைக்குட்டையை எடுப்பதுபோல விரலை எடுத்தான். எடுத்தவன் திரும்ப வைக்கவில்லை.

இதுவரை செய்தது பயத்தினால். அடுத்து நடந்ததற்குத்தான் அவனால் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஆட்டம் அழகாக இருந்தது. இத்தனை வருடங்களில் அவன் ஓர் ஆட்டத்தையும் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவன் பார்த்ததெல்லாம் பந்தை. விரலுக்கு வேண்டியது அது மட்டும்தானே. இப்போது பந்து இல்லாத இடங்களிலெல்லாம் என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது. பந்து வருமா வராதா என்று தெரியாமலே ஒருவன் மறுகரையில் தனியாக ஓடினான். தடுப்பாட்டக்காரர்கள் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல ஒரே வரிசையாக முன்னேறினார்கள். சாமியாருக்கு மூச்சு லேசானது. தோளில் வெகுநாளாக இருந்த எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

“என்னடா, பந்து எங்க?” என்று ஒட்டடை மெல்லக் கேட்டான்.

“அப்புறம் சொல்றேன்.”

ஒட்டடை அதன்பின் கேட்கவில்லை. ஆனால் கையை மடக்கவும் இல்லை. சாமியார் ஓரக்கண்ணால் பார்த்தான். மஞ்சள் துணிக்குக் கீழே முன்கை அப்படியே நீட்டியிருந்தது. எதிர்ப்புறம் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டதால் கண்ணைச் சுருக்கி, கூட்டத்தின் சத்தத்தை வைத்து ஆட்டத்தைப் பிடித்துவிட முயன்றுகொண்டிருந்தான் அவன். இப்போது வைக்கலாம், இந்த நகர்வு முடிந்ததும் வைக்கலாம் என்று சாமியார் நினைத்தான். ஒரு நகர்வு முடிந்தால் இன்னொன்று தொடங்கியது.

கோல் விழுந்தது. மொத்த மைதானமும் எழுந்தது, சாமியாரும் எழுந்து கத்தினான். அவன் கத்தி யாரும் கேட்டதில்லை. அருகில் ஒட்டடை ஒரு நொடி பிந்தி எழுந்து, இரண்டு கைகளையும் உயர்த்தி, முகமெல்லாம் சிரிப்பாக ஆரவாரித்தான். அவன் திரும்பி நின்றது கோல் விழாத பக்கத்தைப் பார்த்து.

“அங்க என்னடா இருக்கு, உங்க மாமியார் வீடா?” என்றான் ரேடியோ. மறுபடியும் சிரிப்பு. ஒட்டடை சட்டென்று திரும்பிக்கொண்டான். உட்கார்ந்தபோது சட்டையின் உள்பட்டனைத் தடவிக் கழற்றி, கையை இறக்கிவிட்டு, மணிக்கட்டுப் பட்டனையும் போட்டுக்கொண்டான்.

ஆட்டம் முடிந்து கூட்டம் ஒரே நெரிசலாகப் படியில் இறங்கியது. சாமியார் தோளில் கை விழும் என்று எதிர்பார்த்து இரண்டு படி நின்றான். பின்னாலிருந்து தள்ளினார்கள். தோளில் ஏதோ ஒரு கை பட்டது, திரும்பினால் வேறு யாரோ. பேருந்துக்கு வந்து சேர்ந்தபோது ஒட்டடை இல்லை.

பேராசிரியர் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, வந்துவிடுவான் என்றார். அவன் உயரத்துக்கு எங்கே நின்றாலும் தெரியும், காணாமல் போகிற சாதியா அவன் என்று யாரோ சொன்னார்கள். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. மைதானத்தின் படிகள் எவ்வளவு செங்குத்து என்று சாமியாருக்குத் தெரியும். காலையில்தான் பேராசிரியர் காட்டிய வரைபடத்தைப் பார்த்து அதன் குறுக்குவெட்டைக் குறிப்பேட்டில் வரைந்திருந்தான். சார், அவனுக்கு இருட்டில் கண் தெரியாது, ஆள் அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கிறானே என்று அடக்கிக்கொண்டான். அடக்கிய பிறகு, அது மட்டுமா காரணம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். சொன்னால் அடுத்த கேள்வி, தெரிந்தும் நீ ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்பதாக இருக்கும். வாக்குக் கொடுத்தது இப்போது எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று. பேருந்தை விட்டிறங்கித் தனியாக ஓடினான். வாசலில் காவலர் ஒருவர் கையை விரித்து, உள்ளே விடமாட்டேன் என்று தலையசைத்தார். அவரிடமும் காரணத்தைச் சொல்ல சாமியாருக்கு வாய் வரவில்லை.

கடைசியில் ஒரு துப்புரவுப் பெண் ஒட்டடையின் முழங்கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு வந்தாள். அவள் மறு கையில் குப்பைப் பை. ஒட்டடையின் கால்சட்டை ஒரு முழங்காலில் கிழிந்திருந்தது. பேருந்தின் வெளிச்சத்துக்கு வந்ததும் அவளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, கழிவறையில் வரிசை நீளம் சார் என்றான். இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாமியார் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் அது தன் பாரத்தை இறக்குவதற்காகச் சொன்னதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. வழி முழுக்க அவன் பேசவில்லை. அவன் பேசாதிருப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பெயரே அதுதானே.

மறுநாள் காலை உணவின்போது ஒட்டடை தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து, வகுப்பு முழுவதுக்கும் சொல்லிவிட்டான். ஜன்னல் சின்னது என்றான். இருட்டில் அதுவும் மூடிக்கொள்ளும் என்றான். நேற்று எல்லோரும் போகும்வரை இடத்திலேயே உட்கார்ந்திருந்ததையும், பிறகு படியில் விழுந்ததையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். முன்கை விளையாட்டைப் பற்றியும் சொன்னான். இடையில் விரல் நின்றுபோனதை மட்டும் சொல்லவில்லை.

முதலில் எழுந்து வந்தவன் ரேடியோதான். “தெரியாம பேசிட்டேன்டா” என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டான். ஒட்டடை அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். சாமியார் பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாமல் செய்தவனுக்கு அழவும் மன்னிப்புக் கேட்கவும் வாய் இருக்கிறது. தெரிந்து செய்தவன் எந்த வார்த்தையில் தொடங்குவது?

அறைக்குத் திரும்பியதும், “ஏன்டா சொன்ன?” என்று மட்டும் கேட்டான்.

“உனக்கும் எத்தனை நாளைக்குடா கஷ்டம்?” என்றான் ஒட்டடை. குரலில் கோபம் இல்லை. சாமியார் எவ்வளவோ தேடிப் பார்த்தான், கொஞ்சமும் இல்லை. “நேத்து நீ கத்துனதைக் கேட்டேன். நல்லா இருந்துச்சு. இனிமே நீ நிம்மதியா மேட்ச் பாரு.”

அன்றிலிருந்து ஒட்டடை பயந்தது அப்படியே நடந்தது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், படி, படி என்று முன்னாலும் பின்னாலும் குரல்கள். அவன் அதற்கும் சிரித்துக்கொண்டான்.

இறுதி ஆட்டத்தைத் தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், பகல் வெளிச்சத்தில், எல்லோருமாகப் பார்த்தார்கள். மஞ்சள் சட்டையின் இடது கை மடிந்திருந்தது. இடப்பக்கத்து நாற்காலியில் ரேடியோ. நடுவர் விசில் ஊதுமுன்பே அவன் விரல் ஓடத் தொடங்கிவிட்டது. “டேய், இது என் கைடா, மாவு பிசையிற தட்டு இல்ல” என்று ஒட்டடை கத்த, கூடமே சிரித்தது. ரேடியோவின் விரல் பந்துக்குப் பின்னாலேயே தடுமாறி ஓடியது, வாய் அதைவிட வேகமாக ஓடியது. சாமியார் அடுத்த நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு கட்டத்தில் ரேடியோ திகைத்துப்போய் அவன் பக்கம் திரும்பினான். “சாமியாரே, கார்னருக்கு எப்படிப் போடணும்?”

சாமியார் குனிந்து, ரேடியோவைத் தாண்டிக் கையை நீட்டி, அந்த மணிக்கட்டு எலும்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். மெதுவாகப் போட்டான். ஒட்டடை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை.

“ஆங், கார்னர்” என்றான், ரேடியோவிடம். “இப்படித்தான்.”

திரையில் பந்து உயர்ந்தது. ரேடியோவின் விரல் அதற்குள் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. சாமியார் தன் கையை எடுத்துக்கொண்டான்.

உள்ளங்கையில் அடி விழுகிற சத்தம் கேட்டது. ஒட்டடை எல்லோருக்கும் முன்னால் துள்ளி எழுந்து கைகளை உயர்த்தினான், சரியான பக்கம் பார்த்து. சாமியார் ஒரு நொடி பிந்தி எழுந்தான்.