சிமியோன் போட்ட இரண்டு கோல்கள்

என்னை நல்லவன் என்று சொல்கிறவர்கள் இந்தக் குடாநாட்டில் ஒரு முப்பது பேராவது இருப்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். எழுந்து போய்விடுவேன். அடக்கமான மனிதன் என்று அதற்கும் ஒரு பேர் வைத்துவிடுவார்கள். சீ!

நான் பந்தடித்துப் பிழைத்தவன். பெயர் கனிசியஸ், ஊர் குருநகர், விளையாடுகிற இடம் முன்வரிசை நடு. கொழும்பில் ஒரு கம்பனி அணிக்கு மூன்று வருடம் விளையாடினேன். கிளாக் வேலை என்று பதிந்திருந்தார்கள். ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அகதிக் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது காலில் இருந்த சப்பாத்து மட்டும்தான் மிச்சம். அதுவும் பந்தடிக்கிற சப்பாத்து. சீமெந்துத் தரையில் டக்கு டக்கு என்று நடந்து வந்தேன். அழுதுகொண்டு நின்ற சனத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் போனேன். இந்த மாதம் ஒரு ஊருக்காக விளையாடினால் அடுத்த மாதம் அதே ஊருக்கு எதிராக விளையாடுவேன். ஒரு பெட்டி மீன், சைக்கிள் ரயர், என் மனைவி ஸ்ரெல்லாவுக்கு ஒரு சேலை, எதைத் தந்தாலும் வாங்கிக்கொள்வேன். “உங்களுக்கு எண்டு ஒரு ஊர் இல்லையே?” என்று ஸ்ரெல்லா கேட்பாள். கோல் போடுகிறவனுக்கு ஊர் எதற்கு என்பேன். வாய்க்கொழுப்புக்குக் குறைச்சல் இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு கிறகோரி என்றொருவன் வீட்டுக்கு வந்தான். பட்டணத்துக்கு மேற்கே, கரையோரத்தில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கின் பந்தடிக் கழகத்துக்கு அவன் செயலாளர். அந்த ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பங்குகளுக்கு இடையே சுற்றுப்போட்டி நடக்கிறது, அரையிறுதிக்கு வந்துவிட்டோம், கோல் போட ஆள் இல்லை என்றான்.

“நான் உங்கடை பங்கு இல்லையே?” என்றேன்.

அந்தப் போட்டியில் அதுதான் சட்டம். அந்தந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள்தான் இறங்கலாம். பதிவுப் புத்தகத்தைப் பார்த்துச் சுவாமியார் பட்டியலில் கையெழுத்து வைப்பார்.

“அதுக்கு வழி இருக்கண்ணை. லிஸ்ரிலை ஒரு பேர் சும்மா கிடக்கு. சிமியோன் எண்டு. அவனும் போர்வேட்தான். மற்றப் பங்குக்காரருக்கு முகம் தெரியாது.”

“ஆள் எங்கை?”

“இப்ப ஊரிலை இல்லை அண்ணை.”

ஜெர்மனியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் ஊரில் இல்லாத பொடியன்கள் எத்தனையோ விதம். எந்த விதம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பதில் வந்தால் விளையாட ஏலாமல் போய்விடும் என்றும் தெரியும்.

அரையிறுதியில் வென்றோம். இறுதிப் போட்டியில் நானே இரண்டு கோல் போட்டேன். ஒன்று தலையால், மற்றது அறுபது அடி தூரத்திலிருந்து இடது காலால். அந்த மாதிரி ஒரு கோல் அதற்கு முன்னும் போடவில்லை, பின்னும் போடவில்லை. “சிமியோன்! சிமியோன்!” என்று ஒலிபெருக்கி கத்தியது. நம்முடைய சனமும் முதலில் கத்தியது, பிறகு சட்டென்று அடங்கிப்போனது. ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியாள் போட்ட கோல் என்பதால் உற்சாகம் இல்லாமல் போனார்கள் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது. நன்றி கெட்ட சனம் என்று கிறகோரியிடம் ஏசினேன். அவன் நிலத்தைப் பார்த்தான். அடுத்த நாள் பேப்பரில் வந்தது: சிமியோனின் இரு கோல்களால் கிண்ணம்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, ஒரு அம்மா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் நடந்து வந்த முகம். கையில் அந்தப் பேப்பர் துண்டு.

“தம்பி, நீங்களோ கனிசியஸ்? நான் அருமைநாயகி. சிமியோன்ரை அம்மா.”

அவர் இருக்க ஸ்ரெல்லா ஒரு மர வாங்கை இழுத்துப் போட்டாள். அவர் இருந்து, தண்ணீர் குடித்து, ஆறுதலாகத்தான் சொன்னார். ஒன்றரை வருடத்துக்கு முன் ஆமி சுற்றிவளைத்து, மீன் பெட்டி கட்டிய சைக்கிளோடு சிமியோனைச் சந்தியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. சைக்கிள் அங்கேயே கிடந்தது. ஆளைப் பிடிக்கவே இல்லை என்று முகாமில் சொன்னார்கள். அந்த வருடம் கழகம் பட்டியல் எழுதும்போது சிமியோனின் பெயரை விடப் பார்த்திருக்கிறார்கள். இவர் போய், “வரேக்கை அவனுக்கு விளையாட இடம் வேணும், பேரை வெட்டிப் போடாதையுங்கோ” என்று கெஞ்சியிருக்கிறார். அந்தத் தாய்க்காக வைத்த பெயரைத்தான் எடுத்து எனக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். நானும் பல்லிளித்துக்கொண்டு போட்டேன்.

“போன கிழமை அரசாங்கக் கந்தோருக்குப் போனனான் தம்பி. காணாமல்போன பொடியளின்ரை பேர் பதினொண்டு கொழும்புக்கு அனுப்பப் போகினம். தெற்கிலை ஒரு முகாமிலை நேரை போய்க் கேப்பினமாம். என்ரை பிள்ளையின்ரை பேரும் அதிலை. இராசநாயகம் எண்டு அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஐயா நல்ல மனுசன். அவர் பேப்பரை எடுத்துக் காட்டினார். உங்கடை மகன் பந்தடிக்கிறானே அம்மா, பிறகேன் இந்த மனு எண்டு கேட்டார்.”

அவர் பேப்பர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் நம்பீட்டன் தம்பி. பிள்ளை வந்திட்டுது எண்டு நம்பீட்டன். பஸ்ஸாலை இறங்கி ஓடினன். வீட்டிலை இல்லை. கிறவுண்டுக்கு ஓடினன். பொடியள் நிண்டு விளையாடிக்கொண்டு நிண்டாங்கள். ஒவ்வொருத்தன்ரை முகமாப் பார்த்தன். பிறகுதான் கிறகோரி சொன்னவன்.”

ஐயோ, நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கக்கூடாதா! ஸ்ரெல்லா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது. அருமைநாயகியம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசித் தப்பித்திருப்பேன்.

“நான் சண்டைக்கு வரேல்லைத் தம்பி. விளையாடினது நான்தான் எண்டு நீங்கள் வந்து எழுதி ஒரு கையெழுத்து வைச்சால் போதும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் லிஸ்ற் போகுது. நான் திரும்பப் போய்ச் சொன்னதுக்கு, அதுக்குள்ளை விளையாடின ஆளைக் கூட்டிவாங்கோ, இல்லாட்டி அந்தப் பேரை எடுக்கத்தான் வேணும் எண்டு ஐயா சொல்லிப்போட்டார். அண்டைக்குக் காலமை ஒன்பது மணிக்குக் கந்தோர் வாசலிலை நிப்பன். வருவியளோ?”

“ஓம் அம்மா. கட்டாயம் வாறன்.”

சும்மா சொல்லவில்லை. அந்த நேரம் மனதாரத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை பொழுதுபட கிறகோரி வந்தான். “அண்ணை, நீங்கள் கையெழுத்து வைச்சால் எங்கடை கிண்ணம் போகும், அது போகட்டும். உதைபந்தாட்டச் சங்கம் உங்களையும் ஒரு கிறவுண்டிலையும் இறங்க விடாது. யோசியுங்கோ” என்றான். இதையெல்லாம் நானே இரண்டு நாளாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். நெல்லியடியில் ஒரு கழகம் என்னை முழுப் பருவத்துக்கும் எடுக்கக் கேட்டிருந்தது. மாதச் சம்பளம், இருக்க அறை. கொழும்பை விட்டு வந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு நிரந்தர இடம். ஒரு சிநேகபூர்வ ஆட்டத்தில் பார்த்துவிட்டு ஒப்பந்தம் எழுதுவோம் என்றிருந்தார்கள். ஆட்டம் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு.

காலையில் கந்தோர், பின்னேரம் நெல்லியடி, இரண்டையும் செய்யலாம் என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் வெளிக்கிட்டேன். சப்பாத்துப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஸ்ரெல்லா அயன் பண்ணி மினுக்கித் தந்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கந்தோர் வீதி மூலையில் திரும்பியபோது அருமைநாயகியம்மா வாசலடியில் வாகை மரத்தின் கீழ் நின்றார். கோவிலுக்குக் கட்டுகிற சேலை. மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றேன். கையெழுத்து வைத்தால் பத்து மணிக்குள் யாழ்ப்பாணம் முழுக்கக் கதை பரவிவிடும். நெல்லியடிக்காரர் மூன்று மணிக்கு என்னைக் களத்தில் இறக்குவார்களா? முதலில் விளையாடி ஒப்பந்தத்தை எழுதிவிட்டு நாளைக்கு வந்து சொன்னால் என்ன? ஒரு நாள்தானே! கந்தோர்க்காரர் சொன்ன நாளில் எதை அனுப்பியிருக்கிறார்கள்? லிஸ்ற் வெள்ளிக்கிழமைவரை மேசையில் கிடக்கும். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்னமே சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

நெல்லியடிக்கு இரண்டரை மணித்தியாலம் மிதித்தேன். மூன்று கோல் போட்டேன். தோளில் தூக்கினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன்.

நன்றாக இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தபோது ஸ்ரெல்லா சேட்டில் இருந்த செம்பாட்டு மண்ணைப் பார்த்தாள். கந்தோருக்குப் போகிறவன் மண்ணில் விழுந்து எழும்ப மாட்டான்தானே.

“எத்தினை கோல்?”

“மூண்டு.”

“சோறு சட்டியிலை கிடக்கு. போட்டுச் சாப்பிடுங்கோ.” பிறகு குசினிக்குள் நின்றபடியே சொன்னாள்: “நாளைக்கு விடிய நீங்கள் போறியளோ, இல்லாட்டி நான் போகட்டோ?”

புதன்கிழமை கந்தோர் திறக்கும் முன்னே போய் நின்றேன். வாசலில் யாரும் இல்லை. இராசநாயகம் என்ற அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“நேற்று நாலரைக்குத் தபால் பை கட்டியாச்சுத் தம்பி. அந்த அம்மாவுக்காக நாலு மணி வரைக்கும் லிஸ்ற்றை வைச்சிருந்தனான். அவன்ரை பேர் இல்லாமல் பத்துப் பேர்தான் போச்சு.”

“ஒரு தந்தி அடிக்கலாமோ ஐயா?”

“அடிக்கிறன். ஆனால் அவங்கள் பேப்பரைத்தான் பாப்பாங்கள், தந்தியைப் பாக்கமாட்டாங்கள்.”

என் வாக்குமூலத்தை எழுதி என் சொந்தப் பெயரில் கையெழுத்து வைத்தேன். அவர் தந்தியும் அடித்தார். மூன்று மாதத்தில் பதில் வந்தது. பத்துப் பேரில் ஆறு பேர் அந்த முகாமில் இருக்கிறார்கள், உறவினர் போய்ப் பார்க்கலாம் என்று. சிமியோனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவனைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அடுத்த பட்டியலில் முதல் பெயராகப் போடுகிறேன் என்றார் இராசநாயகம். அதற்குள் எண்பத்தேழின் சண்டை வந்துவிட்டது. அந்தப் பட்டியல் போகவே இல்லை.

சங்கம் என்னைத் தடை செய்தது. நெல்லியடிக்காரர் ஒப்பந்தத்தைக் கிழித்தார்கள். நான் கடலுக்குப் போகத் தொடங்கினேன். ஆனால் வெட்கக்கேட்டைப் பாருங்கள், கதை வேறு விதமாக ஊர் சுற்றியது. தன் பிழைப்புப் போனாலும் பரவாயில்லை என்று ஒரு தாய்க்காக உண்மையை ஒப்புக்கொண்ட மனிதன்! அந்தப் பங்குச் சுவாமியார் பிரசங்கத்திலேயே சொன்னாராம். செவ்வாய் எது, புதன் எது என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தது மூன்று பேருக்கு. ஸ்ரெல்லா என்னோடு குடும்பம் நடத்தவேண்டியவள். இராசநாயகம் இடம்பெயர்ந்து எங்கேயோ போய்விட்டார். மிச்சம் அருமைநாயகியம்மா.

தொண்ணூற்றிரண்டில் அந்தப் பங்குத் திருநாளுக்குச் சுற்றுப்போட்டி வைத்தார்கள். கிண்ணம் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன், விடவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்திலும் எங்கேயோ தேடி மின்சார மெசின் ஓட்டி ஒலிபெருக்கி பூட்டியிருந்தார்கள். மைக்கைப் பிடித்த கிறகோரி, “நேர்மைக்கு எடுத்துக்காட்டான எங்கள் கனிசியஸ் அண்ணை” என்றான். அவன் அதை நம்பித்தான் சொன்னான். சனம் கை தட்டியது. முதல் வரிசையில் இருந்த அருமைநாயகியம்மாவும் தட்டினார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “இந்தத் தம்பிதான் வந்து சொன்னவர்” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாம் முடிந்து சனம் கலைகிற நேரத்தில் அவருக்கு முன்னால் போய் நின்றேன். கிழவியாகிவிட்டார்.

“அம்மா, ஒண்டு சொல்லவேணும். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வராமல் விடேல்லை. கந்தோர் மூலை வரைக்கும் வந்தனான். வந்திட்டுத்தான்...”

“தெரியும் தம்பி” என்றார். “நீங்கள் சைக்கிளைத் திருப்பேக்கை கண்டனான்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையைத் தேற்றுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

“எதையோ வீட்டிலை மறந்துபோட்டியள், எடுத்துக்கொண்டு வருவியள் எண்டு நினைச்சன். ஐயா ரெண்டு தரம் வந்து கேட்டவர், ஆள் வருவாரோ எண்டு. வருவார், நான் கண்ணாலை கண்டனான் எண்டு சொன்னன். நாலரை மணி வரைக்கும் அங்கைதான் நிண்டனான்.”