காஜா இல்லாத டிரம்பெட்

ஆவுடைநாயகத்தின் மெல்லிசைக் குழுவில் டிரம்பெட் ஊதிய காஜா மஸ்கட்டில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, "வேற ஆள் தேட வேண்டாம் அண்ணாச்சி, டிரம்பெட்டையும் நானே கீபோர்டுல வாசிச்சிருதேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் மங்களேஸ்வரிதான். யாரும் அவளைக் கேட்கவில்லை.

அவள் இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். குழுவில் கீபோர்டு வாசிப்பவள். எண்பத்தெட்டில் துபாயிலிருந்து வந்த ஒருவர் மூலம் ஆவுடைநாயகம் வாங்கிய ஜப்பான் கீபோர்டு, மைக் வழியாக எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் சில விநாடி பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டையை அழுத்தினால் அதே சத்தம் திரும்ப வரும். காஜா மஸ்கட்டுக்குப் போவதற்கு முன் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு சுரமாக ஊதிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். தனித்தனியாகக் கேட்டால் அசல் காஜா.

சேர்த்து வாசித்தபோதுதான் வினை வந்தது. வரப்போகிற குற்றாலம் சாரல் விழாவில் முதல் உருப்படியே டிரம்பெட் மெட்டு. முதல் ஒத்திகையில் மங்களேஸ்வரி அதை வாசித்து முடித்ததும் ஆவுடைநாயகம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"என்னம்மா இது? பஞ்சர் கடையில ரிம்மைத் தட்டுத மாதிரில்லா இருக்கு. து, து, து, துன்னு."

அவர் சொன்னது சரி. காஜா ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டித்தான் ஆரம்பித்திருந்தான். மேடையில் ஊதும்போது முதல் சுரத்தை மட்டும் அப்படித் தட்டுவான். மற்றவை ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து வரும். அந்த வழிதல் கீபோர்டுப் பெட்டிக்குள் இல்லை. அதைக் கேட்டு வாங்க அவளுக்கு அன்று தோன்றவில்லை.

"எக்கோவைக் கொஞ்சம் ஏத்துனா சரியாப் போச்சு" என்றான் மைக்செட் சுடலையாண்டி. ஏற்றினார்கள்.

"ஏலே, கிணத்துக்குள்ள நாலு பேரு ஊதுதானுவ. இறக்கு, இறக்கு" என்றார் ஆவுடைநாயகம். பிறகு அவள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "கோவிச்சுக்காதம்மா. ரெண்டு வாரம் பாரு. வரலைன்னா நாகர்கோவில்ல ஒருத்தன் இருக்கான், சொந்தக் கீபோர்டோட வாரேங்கான். மேடையில ரெண்டு கீபோர்டுக்கு இடமில்லை, பாத்துக்கோ."

அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

கீபோர்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுரங்களின் தலையை நறுக்கிப் பார்த்தாள். நாக்குச் சத்தம் போயிற்று, டிரம்பெட்டும் கூடவே போயிற்று. ஜலதோஷம் பிடித்த ஆர்மோனியம் மாதிரி இருந்தது. ஒரு சுரத்தை அடுத்ததோடு இழுத்துச் சேர்க்கும் வசதி பெட்டியில் இருந்தது. அதைப் போட்டால் ஆம்புலன்ஸ் போயிற்று. காஜாவின் பழைய கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பின்னால் டிரம்ஸும் கைத்தட்டலும் இருந்ததால் அதிலிருந்து ஒன்றையும் வெட்டி எடுக்க வழியில்லை. ஆனால் ஒன்று விளங்கிற்று. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் சத்தம் ஒரு கணம் மெலிகிறது, கலங்குகிறது, பிறகு அடுத்த சுரத்தைப் பற்றிக்கொள்கிறது. கண் இமைக்கும் நேரம்தான். அந்த நேரம்தான் வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் தென்காசியில் காஜாவின் தங்கை ஷமீம் பானு வீட்டுக்குப் போனாள்.

"காஜா டிரம்பெட்டைக் கொண்டு போயிட்டானா?"

"அவன் எங்க கொண்டு போனான்? பீரோ மேல கிடக்கு. யாரு ஊதப் போறா, மங்களாக்கா?"

"நான்தான்."

ஷமீம் பானு சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பிள்ளை விழித்துக்கொண்டது.

முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு எருமை வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஹாஜரா பீவி எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி ஷமீமு, காஜா திரும்பிட்டானா?"

"இல்ல மாமி, அவன் பேயி வந்திருக்கு."

"பேயாவது கொஞ்சம் ஒழுங்கா ஊதப்படாதா?"

மங்களேஸ்வரி நிறுத்தவில்லை. முழுசாக ஒரு பாட்டு ஊத வேண்டும் என்றால் வருஷங்கள் ஆகும். அவளுக்குப் பாட்டு வேண்டாம். ஒரே மூச்சில் இரண்டு சுரம் போதும். முதல் சுரம் கோணலாக இருக்கட்டும், இரண்டாவது நடுங்கட்டும், அவை இரண்டையும் காஜா கொடுத்துவிட்டான். நடுவில் விரல் அழுத்த வால்வு இறங்கி, மூச்சு தாண்டிப் போகிற அந்தத் துண்டு மட்டும் ஒழுங்காக விழுந்தால் போதும்.

உதடு வீங்கிப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்குக் குளவி கொட்டியதாகச் சொன்னாள். மறுநாளும் வீங்கியிருந்ததைப் பார்த்து, எத்தனை குளவி என்று தலைமையாசிரியை கேட்டார்.

முதல் வாரம் முடிவதற்குள் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் சேர்ந்து வந்தன. கீபோர்டையும் ஷமீம் பானு வீட்டுக்கே தூக்கி வந்து, துண்டுகளைப் பிடித்து, இரு முனையையும் நறுக்கினாள். ஏறுவதற்கு ஒரு துண்டு, இறங்குவதற்கு வேறு துண்டு. ஒன்றைத் திருப்பிப் போட்டு மற்றதுக்கு ஒப்பேற்ற முடியவில்லை. பெட்டியின் நினைவில் எல்லாவற்றுக்கும் இடமில்லாததால் அந்த மெட்டுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டாள். துண்டுகளை இடது கைப் பக்கத்துக் கட்டைகளில் போட்டாள். வலது கை காஜாவின் சுரம், இடது கை இவளுடைய இணைப்பு, மறுபடி வலது கை. முதலில் காஜா ஊதும்போது நடுநடுவே யாரோ இருமுவது போல இருந்தது. தன் துண்டுகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, கையைப் பழக்கி, பிள்ளை தூங்குகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் வாசித்தாள். இருமல் அடங்கிற்று.

ஓரிடம் மட்டும் வரவே இல்லை. நடு பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஒரே தாவல். அவள் உதட்டுக்கு அந்த உயரம் கிட்டவில்லை. கடைசி ஒத்திகைக்கு முந்தின நாள் மெட்டை முதலிலிருந்தே டிரம்பெட்டில் ஊதி, ஓடி வந்து தாவிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். கோணலும் மாணலுமாகப் பஞ்சமம் வரை போனாள். நெஞ்சு அடைத்தது. டிரம்பெட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள்.

"கொஞ்சம் இரு அக்கா, தண்ணி தாரேன்" என்று ஷமீம் பானு எழுந்தாள்.

மங்களேஸ்வரி தண்ணீருக்குக் காத்திருக்கவில்லை. மறுபடி ஊதினாள். அதே இடத்தில் மூச்சு தீர்ந்தது. கேசட்டைப் போட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டாள். டிரம்ஸ் உருட்டலுக்கு அடியில், தாவலுக்கு முன்னால், காஜாவும் நிறுத்தியிருந்தான். அங்கே இணைப்பே கிடையாது. மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டு, நாக்கால் தட்டிப் புதிதாக ஆரம்பித்திருக்கிறான்.

கடைசி ஒத்திகை குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆவுடைநாயகம் அவள் கைகளைப் பார்க்க விரும்பாமல், முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

"எக்கோ?" என்றான் சுடலையாண்டி.

"வேண்டாம். மொட்டையா விடு" என்றாள் மங்களேஸ்வரி.

வாசித்தாள். விரல்களோடு அவளும் மூச்சை இழுத்து, விட்டுக்கொண்டே போனாள். பஞ்சமத்தில் நெஞ்சு காலியான இடத்தில் இரண்டு கையையும் தூக்கினாள். ஹால் ஒரு கணம் வெறுமனே இருந்தது. மூச்சு உள்ளே போனதும் மேல் ஸட்ஜத்தை அழுத்தினாள். து என்று தட்டிக்கொண்டு காஜா ஏறினான்.

முடிந்த பிறகும் ஆவுடைநாயகம் ஜன்னலைப் பார்த்தபடியே நின்றார்.

"சுடலை, கீழ போயி நாகர்கோவிலுக்கு ஒரு போன் போடு. வர வேண்டாம்னு சொல்லிரு." பிறகுதான் திரும்பினார். "கடைசியில இறங்குத இடம் இன்னும் கொஞ்சம் முரடா இருக்கும்மா."

"அது என் மூச்சு அண்ணாச்சி. அந்த ஒண்ணை மட்டும் மறுபடி ஊதிப் பிடிச்சுட்டு வந்திருதேன்."

"விழா நாளைக்குல்லா?"

"சாயங்காலம்தான?" என்றாள் மங்களேஸ்வரி, கீபோர்டின் வயரைச் சுற்றியபடி. "தென்காசி பஸ் எப்பம் வருதுன்னு யாராவது பாருங்க."