படிக்கக் கேட்டேன், சரி

தபால் பையைப் பிரித்ததும் தமிழ்ச்செல்வியின் கண்ணில் முதலில் பட்டது அவளுடைய கையெழுத்துதான். மூன்று வாரத்துக்கு முன் மேலிடத்துக்கு அவள் அனுப்பிய மனு, தலையில் ஒரு தாளைச் சுமந்துகொண்டு அவள் மேசைக்கே திரும்பி வந்திருந்தது. அலுவலக மேலாளர் விசாரித்து அறிக்கை அனுப்பவும் என்றது அந்தத் தாள். மேலாளர் என்றால் சதாசிவம். மனுவே அவர் மேல்தான். நல்ல நியாயம் போங்கள். தபால் பிரிவு அவளுடையது என்பதால், தன் மனுவுக்குத் தானே எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். சதாசிவம் இரண்டு நாள் விடுப்பில் போனபோது பொறுப்பு அவளுக்கு வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்தாள். திரும்பி வந்தவர், உட்காருவதற்கு முன் துரையைக் கூப்பிட்டு, நாற்காலியை வெளியே எடுத்துப்போய் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னார். காலனிப் பெண் உட்கார்ந்த நாற்காலி அல்லவா! போன தடவை பொறுப்புப் பார்த்த சக ஊழியர் அபிஷேக் அதில் உட்கார்ந்தபோது யாரும் வாளியைத் தேடவில்லை. வராந்தாவில் அது காய்ந்துகொண்டிருந்ததை வெளியாட்கள்கூட நின்று பார்த்தார்கள். அதன்பிறகு தன் ஊரான நெம்மேலியிலிருந்து வேலைக்குப் பஸ் ஏறும்போதெல்லாம் அவளுக்கு அந்த ஈர நாற்காலிதான் ஞாபகம். பதினொரு வருஷம் உழைத்த இடம்.

வியாழக்கிழமை விசாரணை. அதே நாற்காலியில் சதாசிவம். கோபமே இல்லை அவரிடம்; பெற்ற மகளிடம் பேசுவதுபோல் பேசினார். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அவளுக்கு நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாட்சி சொல்வதை வைத்து முடித்துவிடலாம் என்றார். தட்டச்சர் விடுப்பு. "நீயே எழுதிக்கம்மா, உன் எழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

ஒரே சாட்சி துரை. ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும் அலுவலக உதவியாளர். டீ வாங்கி வந்தால் அவள் மேசையில் முதலில் வைக்கிற மனுஷன். இன்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வாரா வாரம் கழுவறதுதானே சார். அன்னிக்கு மட்டும் ஸ்பெஷலா இன்னா கீது."

தமிழ்ச்செல்வி எழுதினாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் சொன்ன பொய் அவள் எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. இதில் துரை கையெழுத்துப் போட்டால் மனு இன்றோடு மூடப்படும். பொய்ப் புகார் கொடுத்தவள் என்று அவள் பணிப்பதிவேட்டில் ஏறினாலும் ஏறும். சதாசிவம் பேனாவைத் துரையிடம் நீட்டினார்.

"இருங்க சார். படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும்" என்றாள் அவள்.

விதி அதுதான். சதாசிவத்தால் மறுக்க முடியவில்லை. எழுந்து நின்று படித்தாள், வரி வரியாக, அவசரமில்லாமல். முடிந்ததும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். தாளைப் பார்த்தல்ல, துரையின் முகத்தைப் பார்த்து.

"நான் படிச்சதெல்லாம் சரியா, துரைண்ணா?"

'படிக்கக் கேட்டேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் சதாசிவம். துரை பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். தாளில் வைக்காமல் நிமிர்ந்தார்.

"இன்னொரு வாட்டி படிம்மா" என்றார்.

அவள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். துரை பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலை குனிந்து கேட்டார்.