மருந்தறைச் சாவி

"சாவியக் கீழ வை. வச்சுட்டுத் தள்ளி நில்லு."

பெரிய கங்காணி ராமையா வீட்டுப் படியிலிருந்து நாலு முழம் விலகி நின்றிருந்தாள் செல்லாயி. மருந்தறைச் சாவி அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது. அவிழ்க்கக் கை வரவில்லை.

"ஒம்பது பேரு கால்ல கட்டுப் பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேங்க, கங்காணியாரே. இன்னிக்கு மட்டும் முடிச்சுட்டு..."

"டிரஸர் வேலைக்கு இனிமே நம்ம மருமவன் அழகேசன். சப்பான்காரன்கிட்டப் பேரு குடுத்தாச்சு. நீ காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு வந்து புல்லு வெட்டப் போ."

செல்லாயி சாவியைத் தரையில் வைத்தாள். கங்காணி மகள் பாப்பம்மா செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் மூன்று தடவை தெளித்தாள். அதற்கப்புறம்தான் கங்காணி குனிந்து எடுத்தார்.  எட்டு மாதம் அவள் இடுப்பில் பழகிய சாவி.

மலாயாவில், செமிலிங்குக்கு அப்பால் மூணாங்கட்டை ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் அங்கிருந்த வெள்ளைத் துரை ஓட்டம் பிடித்தார். விட்டுப்போன நாய் அவரைத் தேடி ஓடி, சுங்கைப்பட்டாணியில் அவரையே முந்திக்கொண்டு போய்விட்டதாம். ஓடாமல் இருந்தவர் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸர், யாழ்ப்பாணத்துக் கனகரத்தினம் ஒருவர்தான். அவர் கலக்கும் காய்ச்சல் மருந்து ஒருமுறை வாசலில் கொட்டிப்போக, அந்த இடத்தில் ஏழு வருஷத்துக்குப் பாகற்கொடிகூடக் கசப்புத் தாங்காமல் முளைக்கவில்லை. அப்பேர்ப்பட்ட மருந்தைக் கையில் வைத்திருந்தவரே காய்ச்சலில் போனார்.

அவர் போத்தல்களைப் பதினோரு வருஷம் கழுவியவள் செல்லாயி. கீழ லயத்து விதவை. கீழ லயம் என்றால் சதுப்பு ஓரத்து வீடுகள்; தமிழ்நாட்டுச் சேரியிலிருந்து கப்பலேறியவர்களுக்கு ஒதுக்கியவை. கப்பலில் எல்லோரும் ஒரே தொட்டியில்தான் வாந்தியெடுத்தார்கள். கரை இறங்கியதும் லயம் இரண்டாயிற்று.

டிரஸரை அடக்கம் செய்த மறுநாள், ஒருவன் அழுகிய காலோடு மருந்தறை வாசலில் உட்கார்ந்திருந்தான். செல்லாயி கதவைத் திறந்தாள். அவ்வளவுதான் அவளுடைய உத்தியோக உத்தரவு. எழுத்து தெரியாது, மருந்துகளை வாசனையிலும், குலுக்கும்போது வரும் சத்தத்திலும் அடையாளம் கண்டாள். மருந்து தீர்ந்தபோது உப்பு வெந்நீர், கொதிக்கவைத்த கரண்டி, கிழிந்த வேட்டி. ஆறுகிற புண்ணின் ஓரத்தில் ஒருநாள் வெள்ளையாக, நூல் மாதிரி, புதுத்தோல் கோடு போடும். அந்தக் கோட்டைப் பார்த்த நாளில் செல்லாயிக்கு மரவள்ளிக் கஞ்சியும் சோறாக ருசிக்கும். முப்பத்தாறு வயதுவரை அவள் கையை யாரும் நல்ல கை என்று சொன்னதில்லை. இப்போது அவளே தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படி எட்டு மாதம்.

கங்காணி சாவியைப் பறித்ததற்குக் காரணம் வேறு. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். தோட்டத்துப் பெயர்களை எழுதிக்கொடுத்து, பெரட்டில் வாசிப்பவர் கங்காணி. இரண்டு லாரி போயிருந்தது. இரண்டிலும் கீழ லயத்து ஆம்பிளைகள்தான். செல்லாயியின் தம்பி முனியாண்டி இரண்டாவது லாரியில் போனான், செய்தி இல்லை. மூன்றாவது லாரிக்குக் கீழ லயத்தில் ஆள் மிச்சமில்லை; இனி மேல லயத்து முறை. டிரஸரை மட்டும் பிடிப்பதில்லை.

அழகேசன் நல்ல பையன்தான். ஆனால் சேவல் அறுக்கும் நாளில் தோட்டத்தை விட்டே போய்விடுவான். பக்கத்துத் தோட்டத்திலும் அறுத்தார்கள் என்று மூன்றாவது தோட்டத்தில் அவனைக் கண்டெடுத்த வரலாறு உண்டு. டிரஸர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், முதல் கட்டைப் பிரித்ததும், நோயாளி மேலேயே மயங்கி விழுந்தான். நோயாளிதான் அவனுக்குத் தண்ணீர் தெளித்தான்.

மூன்றாம் நாள் பாப்பம்மா கீழ லயத்து எல்லையில் வந்து நின்று கூப்பிட்டாள்.

"செல்லாயி, அப்பா ஒரு ஏற்பாடு சொல்றாரு. மருந்தற நடுவுல சாக்கத் தெரயாக் கட்டிடலாம். நீ உள்ள இருந்து வேலையப் பாரு. எங்க வீட்டுக்காரரு முன்னால நிப்பாரு. சாயங்காலம் கூட்டிப் பெருக்கிட்டுச் சாவியக் கொண்டாந்து வாசல்ல வச்சுடு."

"பேரு அவருக்கு. வேல எனக்கா?"

"ஒனக்குத்தான் வேல இல்லாம இருக்க முடியலியாமே. புல்லுக்காட்டுல நின்னுக்கிட்டு மருந்தறயவே பாக்குறியாம்லா."

அது பொய் இல்லை. செல்லாயி ஒன்று மட்டும் கேட்டாள். "கீழ லயத்து ஆளுங்களும் அதே வாசல்ல வருவாங்க. சம்மதமுன்னா வர்றேன்."

சாக்கு தொங்கியது. மேல லயத்தார் காலைச் சாக்குக்கு உள்ளே நீட்டுவார்கள். வெளியே அழகேசன் கூரையைப் பார்த்தபடி, "கொஞ்சம் எரியும், பொறுத்துக்குங்க" என்பான். உள்ளேயிருப்பது யார் கை என்று மூன்று மாதமும் மேல லயத்துக்குத் தெரியாதாம். கங்காணிக்கே கணுக்காலில் புண் வந்தது. சாக்குக்குள் நுழைந்த அந்தக் காலைச் செல்லாயிக்கு நன்றாகத் தெரியும். பெரட்டில் அவள் கூடையை உதைத்த கால். அதற்கு மற்றவர்களைவிட ஒரு சுற்றுத் துணி கூடுதலாகவே கட்டினாள். தன் வேலையைக் குறை சொல்ல அந்தக் காலுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

சாயங்காலந்தோறும் சாவி தரைக்கு வந்தது. மஞ்சள் தண்ணீர் விழுந்தது. சாவி துருவேறி, பூட்டு நாளுக்கு நாள் அதிகமாக முனகியது.

ஒருநாள் காலை மூன்றாவது லாரி வந்து மருந்தறை முன்னால் நின்றது. ஜப்பான் ஆபீசர் இறங்கினான். பின்னால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம் மலாய்ப் பேச்சில் பதில் சொல்லிக்கொண்டே ஓடிவந்தார். கங்காணி வளைந்து கும்பிட்டார். ஆபீசர் சட்டைக் காலரை இறக்கினான். பிடரியில் எலுமிச்சங்காய் அளவு கட்டி. டிரஸரைப் பார்த்து விரலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினான்.

"கீறி விடச் சொல்றாரு" என்றார் கிராணி.

அழகேசன் கத்தியை எடுத்தான். கட்டியைப் பார்த்தான். கத்தி ஒரு பக்கம் விழுந்தது, அவன் ஒரு பக்கம் விழுந்தான்.

 ஆபீசர் வாளை உருவினான். முனையால் சாக்கை மெல்லத் தூக்கினான்.

உள்ளே மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் செல்லாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் கொதிக்கவைத்த கத்தி, பக்கத்தில் வெந்நீர்.  கண் கட்டியில்தான் இருந்தது. நன்றாகப் பழுத்திருக்கிறது, இன்று கீறாவிட்டால் உள்ளே இறங்கும் என்று அது சொல்லிற்று. எழுந்து, கையைக் கழுவி, நாற்காலியைக் காட்டினாள். வாள் பிடித்தவன் உட்கார்ந்தான். ஒரே கீறல். சீழை ஒத்தியெடுத்து, கழுவி, கட்டினாள். 

ஆபீசர் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். செல்லாயியைக் காட்டி, "சியாப்பா?" என்றான்.

யார் என்கிறான். கிராணி "டிரஸர்" என்றார்.

"இனி?" அப்படியானால் இது யார் என்கிறான். வாள் முனை தரையில் கிடந்தவனைக் காட்டியது. லாரியில் இருந்த சிப்பாய் பின்கதவை இறக்கினான்.

"செல்லாயி..." கங்காணி அவள் பக்கம் திரும்பினார். "ஒன் ஆளுன்னு சொல்லு தாயி. ஒனக்கு ஒத்தாசைன்னு சொல்லு."

செல்லாயி லாரியின் பின்கதவைப் பார்த்தாள். முனியாண்டி ஏறும்போது திரும்பிப் பார்த்த இடம் அது. அவள் ஒரு சொல் சொல்லாமல் இருந்தால் போதும், அழகேசனும் ஏறவேண்டியதுதான். பாப்பம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் செம்பு இல்லை.

"சொல்லலாம்" என்றாள் செல்லாயி. "எங்க ஆளுங்க பேர மட்டும் அன்னிக்குச் சத்தமா வாசிச்சீங்களே, கங்காணியாரே. இதயும் அதே சத்தத்துல நீங்களே சொல்லுங்க."

இரண்டு லயமும் பார்த்துக்கொண்டிருந்தது. ராமையா தலைப்பாகையை அவிழ்த்தார்.

"எம் மருமவன்... செல்லாயிக்குப் போத்தல் கழுவுறவன்."

"இன்னும் சத்தமா, கங்காணி, அவருக்குக் கேக்கல" என்றார் கிராணி. ஆபீசருக்குத் தமிழ் தெரியாது என்பது கிராணிக்கு மறந்துபோயிற்று போலிருக்கிறது.

ராமையா மறுபடி சொன்னார். கிராணி அதை மலாயில் சொன்னார். செல்லாயி ஆபீசரைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆபீசர் பதிவேட்டை வாங்கி இரண்டு பெயர் எழுதவைத்தான். போத்தல் கழுவுகிறவன் தினம் வேலைக்கு வந்தானா என்று டிரஸர் கைநாட்டு வைக்கவேண்டும்; ஒருநாள் கைநாட்டு இல்லாவிட்டாலும் லாரி அவனுக்காக வரும். கட்டி உடைந்த நிம்மதியில் ஆபீசர் அன்று வேறு ஆள் கேட்கவில்லை; லாரி காலியாகத் திரும்பியது. சாவியை அன்று செல்லாயியே இடுப்பில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் பெரட்டுக்கு முன்னாலேயே கங்காணி நொண்டிக்கொண்டு மருந்தறைக்கு வந்துவிட்டார். அழகேசன் குழாயடியில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் அன்றுதான் முகம் தெளிந்திருந்தான். பாப்பம்மா பழக்கதோஷத்தில் செம்போடு வந்திருந்தாள். சாக்கு வாசலில் கால்மிதியாகக் கிடந்தது.

"இன்னிக்குக் கைநாட்டு வச்சாச்சா, செல்லாயி?"

"இன்னும் கதவே தொறக்கலீங்களே. வெந்நி கையில இருக்கு. நீங்க தொறங்க." வெந்நீர்ச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் சாவியை நீட்டினாள். கீழே வைக்கவில்லை.

ராமையா சாவியைப் பார்த்தார். மகள் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

"தெளிக்கணும்னா தெளிங்க" என்றாள் செல்லாயி. "நா நிக்கிறேன். பதிவேடு உள்ளதான் இருக்கு."

அவர் கையை நீட்டினார். அவள் விரல் அவர் உள்ளங்கையில் பட்டது. அவர் கை அங்கேயே இருந்தது, கழன்று விழவில்லை. துருவேறிய சாவி பூட்டுக்குள் இரண்டு தடவை முனகியது. மூன்றாவது தடவை திறந்தது.

"காலத் தொடச்சுட்டு உள்ள வாங்க" என்றாள் டிரஸர்.