எட்டுப் பேர் கட்டிய வரி

"புளி ஒண்ணேகாலணா, மொளகா அரையணா, உப்பு காலணா. ரெண்டணா ஆச்சு. மேல ஒரு தம்பிடி வை."

லூர்துமேரி நிமிர்ந்து பார்த்தாள். கோதண்டபாணி கடையில் அவள் பத்து வருஷமாகச் சாமான் வாங்குகிறாள். மேலே வை என்று அவர் கேட்டதேயில்லை.

"தம்பிடி எதுக்கு சாமி?"

"சர்க்கார் வரி. விக்கிற சாமானுக்கு."

அது புது வரியல்ல. யுத்தம் ஆரம்பித்த வருஷமே வந்தது. இதுவரை விலையோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தவர், யுத்தம் முடிந்த இந்த ஐப்பசியில்தான் தனியாகக் கேட்க ஆரம்பித்திருந்தார். தனியாகக் கேட்டாரே தவிர விலையைக் குறைக்கவில்லை.

"ரூவாய்க்கு எவ்ளோ?"

"ரெண்டு தம்பிடி."

"ரெண்டணாவுக்கே ஒண்ணு கேக்குறீங்களே?"

"தம்பிடிய ஒடச்சா குடுப்ப?" என்று கேட்டுவிட்டு, தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார்.

லூர்துமேரியோடு படிக்குக் கீழே இன்னும் ஏழு பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் திண்டிவனத்து மண்டி ஒன்றில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைப்பவர்கள். ஊருக்கு வெளியே ஒரே சேரி. நாள் முழுக்க உடைத்தால் கூலி ஆறணா. சாயங்காலம் அந்தக் கூலியோடு நேராக இந்தக் கடைக்கு வருவார்கள். படியேறக் கூடாது. காசைப் படியோரம் வைத்தால் எடுத்துக்கொண்டு, சாமானை மேலேயிருந்து முந்தானையில் போடுவார். அன்று எட்டுப் பேரும் ஆளுக்கொரு தம்பிடி கூடுதலாக வைத்துவிட்டு வந்தார்கள்.

வழியெல்லாம் லூர்துமேரி கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். ரூபாய்க்குப் பதினாறணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று மனக்கணக்குப் போடுவது அவளுக்குப் பிடிக்கும். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள்; எட்டுப் பேரில் எழுத்து தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆறாவதுக்குப் போகவேண்டிய வருஷம் களையெடுக்கப் போய்விட்டாள். படித்த படிப்புக்கு அதன்பிறகு பெரிய வேலை எதுவும் வரவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றாள்.

"நாளைக்கு எல்லாரும் காச எங்கிட்ட குடுங்க. நான் ஒருத்தி வாங்குறேன்."

மறுநாள் எட்டு ரெண்டணாவும் சேர்ந்து ஒரு முழு ரூபாயாகப் படியோரம் உட்கார்ந்தது. பக்கத்தில் இரண்டே இரண்டு தம்பிடி. கோதண்டபாணி ரூபாயைப் பார்த்தார், தம்பிடிகளைப் பார்த்தார், எட்டுப் பேரையும் பார்த்தார். நேற்று எட்டுத் தம்பிடி வாங்கிய இடம். கோபம் வரவேண்டிய நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கு தெரிந்தவர்கள்மேல் அவருக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

"பொழச்சிக்குவ நீ" என்றார். புளியை எட்டாகப் பிரிக்கச் சொன்னபோதுதான் முகம் சுருங்கியது. பிரித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். "பாரு, எலெக்‌ஷன் வருது. ஓட்டு கேக்க வர்றவங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லப்போறேன். நெலவரி, வூட்டுவரி, வருமான வரி எல்லாத்தையும் எடுத்துடுங்க. இந்தச் சாமான் வரி ஒண்ணு போதும். பெரியவன் சின்னவன்னு பேதம் இல்ல, வாங்கறவன் கட்டிட்டுப் போறான். ஒரே வரி, பேஜாரே இல்ல."

எட்டுப் பேரில் வயதில் மூத்தவள் கொளஞ்சி. வாயில் வெற்றிலை இருந்தால் பேசமாட்டாள். அன்று வெற்றிலையைத் துப்பிவிட்டே பேசினாள்.

"எங்களுக்கு நெலம் இல்ல. வூடு கூர. வருமானம் ஆறணா. நீங்க சொல்ற மூணு வரியும் எடுத்தா எங்களுக்கு இன்னா சாமி மிச்சம்?"

"உனக்கு அதுல ஒண்ணும் இல்லதான்" என்று கோதண்டபாணி ஒப்புக்கொண்டார்.

"அப்ப ஒங்க பங்கயும் சேத்து நாங்க புளியில கட்டணும்."

"பேதம் இல்லன்றீங்களே," என்றாள் லூர்துமேரி, "ஓட்டு கேக்க வர்றவங்க எங்க தெருவுக்கும் வருவாங்களா?"

"உங்களுக்கு ஏது ஓட்டு? ஓட்டு வரி கட்றவனுக்கு."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு எல்லார் கண்ணும் படியோரம் போயிற்று. இரண்டு தம்பிடிகளும் அங்கேயே கிடந்தன. அவர் இன்னும் எடுத்திருக்கவில்லை.

"இது இன்னா சாமி?" என்று லூர்துமேரி மெதுவாகக் கேட்டாள்.

கோதண்டபாணி எடைக்கல்லை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"அத ஒரு கடுதாசில எழுதிக் குடுங்க" என்றாள் லூர்துமேரி.

விளையாட்டாகத்தான் எழுதிக் கொடுத்தார். 'லூர்துமேரி வகையறா எட்டுப் பேர். சாமான் ரூபாய் ஒன்று. வரி தம்பிடி இரண்டு. வரவு.' கீழே கையெழுத்தும் போட்டார்.

மண்டியில் இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் எட்டுப் பேரும் வேலைக்குப் போகாமல் தாலுக்கா ஆபீசுக்குப் போனார்கள். எட்டுப் பேரின் ஆறணாக் கூலியும் போயிற்று. லூர்துமேரியின் புருஷன் ராயப்பன் மண்டி வண்டி ஓட்டுபவன்; மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினான். "அடிச்சித் தொரத்தினா ஜல்தியா ஓடியாங்க, வண்டி பூட்டியே இருக்கும்" என்றான்.

மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர் நாலணா கேட்டார். லூர்துமேரி கோதண்டபாணி கொடுத்த காகிதத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில், மனு எழுதுபவரிடமே பென்சில் இரவல் வாங்கி எழுதினாள். இருபது வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறாள். 'ண' வந்த இடத்தில் நின்று யோசித்தாள். பென்சில் கொடுத்தவர் எட்டிப் பார்த்து, "சுழி பத்தல" என்று திருத்தினார். காசு கேட்கவில்லை.

உள்ளே ஓட்டர் ஜாபிதா என்கிற வாக்காளர் பட்டியலை எழுதும் குமாஸ்தா சீனுவாசன், வாசல் வெளிச்சத்தை எட்டு உருவம் மறைத்ததும் தலை தூக்கினார். மனுவை வாங்கிப் படித்தார். 'நாங்கள் புளிக்கும் உப்புக்கும் வரி கட்டுகிறோம். வரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு என்று சொல்கிறார்கள். எங்கள் எட்டுப் பேரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியது.' மறுபக்கம் திருப்பி ரசீதைப் பார்த்தார். மறுபடி மனுவைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வரி ஜாபிதாவுக்குச் செல்லாதும்மா. சட்டத்துல இதக் கட்டறது கடைக்காரர்."

"குடுக்கிறது நாங்க சாமி."

"நீங்க அவர்கிட்ட குடுக்கறீங்க. சர்க்காருக்குக் கட்டறது அவர். அவர் பேருலதான் வரவு."

"எங்க காசு, அவரு பேரு!" என்று கொளஞ்சி வாசலிலிருந்து சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

சீனுவாசனுக்கும் அந்த நியாயம் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சட்டத்தை அவர் எழுதவில்லை, ஜாபிதாவைத்தான் எழுதினார். மனுவைத் திருப்பிக் கொடுக்க நீட்டியவர், கையைப் பாதியில் நிறுத்தினார்.

"இத யார் எழுதினா?"

"நான்தான் சாமி. வெளியில மரத்தடியில."

"நீயா? இங்க எழுது பார்க்கலாம். உன் பேர், ஊர்."

ஒரு தாளையும் பேனாவையும் மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். லூர்துமேரி நின்றபடியே குனிந்து எழுதினாள். மை விரலில் வழிந்தது. அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு கட்டுக் காகிதங்களைப் புரட்டி, அச்சடித்த ஒரு மனு பாரத்தை உருவினார்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஓட்டு உண்டு, மனு குடுத்தா. நிலம் வேணாம், வரி வேணாம். உன் பேரச் சேர்த்துக்கறேன்."

லூர்துமேரிக்குச் சந்தோஷம் வரவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தாள். "எட்டுப் பேருக்குக் கேட்டுக்கினு வந்தேன் சாமி. நான் மட்டும் எப்பிடி..."

"ஏய் மேரி, எழுதிக்கச் சொல்லு!" கொளஞ்சி கத்தினாள். "அவுரு மனசு மார்றதுக்குள்ள எழுதிக்கச் சொல்லுடி!"

சீனுவாசன் எழுதினார். 'லூர்துமேரி, க/பெ ராயப்பன்' என்று எழுதி, ராயப்பனுக்கு ஓட்டு உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். புருஷனுக்கில்லாத ஓட்டு பெண்டாட்டிக்கு என்று முனகியபடி அவர் மை ஒற்றினார்.

திரும்பும் வழியில் வண்டி கொள்ளாத சத்தம். ஓட்டு ஒன்று, ஆனால் அதில் எட்டுப் பேருக்கும் பாத்தியதை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஓட்டு கேட்டு வருகிறவனிடம் என்ன கேட்பது என்பதில்தான் சண்டை. கிணறு என்றாள் ஒருத்தி. கல்லறைக்குப் போகிற வழியில் முழங்கால் சேறு, முதலில் அது என்றாள் இன்னொருத்தி. புளிக்கு வரி கூடாது என்றாள் கொளஞ்சி. நிலத்துக்காரன் நிலத்துக்குக் கட்டட்டும், வீட்டுக்காரன் வீட்டுக்குக் கட்டட்டும், புளியைத் தொடக் கூடாது. லூர்துமேரி நடுவில் உட்கார்ந்து, எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போதுதான் மெல்லச் சிரிப்பு வர ஆரம்பித்திருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. விழுப்புரத்திலிருந்து ஒரு நீளமான ரயில், ஜன்னலுக்கு ஜன்னல் ஊர் திரும்பும் சிப்பாய்களோடு, தடதடத்துக்கொண்டு போயிற்று. ரயில் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று எட்டுப் பேரும் குரலை உயர்த்தினார்கள். ரயில் போன பிறகும் இறக்கவில்லை. கேட் திறந்தது. பின்னால் வரிசையாக நின்ற மல்லாட்டை வண்டிக்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். ராயப்பனுக்கு அது காதில் விழவில்லை. அவன் கயிற்றைத் தொடையில் போட்டுவிட்டு, முழுசாகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, "சேறு இருக்கட்டும், கெணறு இருக்கட்டும், நான் சொல்றத ஒரு நிமிசம் கேளுங்க" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். மாடுகள் இரண்டும் தண்டவாளத்தைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன.