கையால் எழுதியதற்குச் சாட்சி

அச்சு என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டைத் திருத்திய வாத்தியார், "இதை எங்கடா அச்சடிச்சே?" என்று கேட்டு, பதில் பிடிக்காமல் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். பெஞ்சுப் பையன்கள் அன்றைக்கே பெயர் சூட்டு விழாவை முடித்துவிட்டார்கள். இப்போது ஐம்பதை நெருங்குகிறார். அசல் பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் எப்படியோ உயிர்பிழைத்துக் கிடக்கிறது.

தொழில், எழுதுவது. கதை கவிதை என்று பயந்துவிட வேண்டாம். கல்யாண உறைகள், ஓய்வு பெறுகிறவருக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் பாராட்டுப் பத்திரம், விருந்து மேஜையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் பெயரட்டை, இவற்றையெல்லாம் பட்டை நிப்பில் மை தொட்டுக் கையால் எழுதிக் கொடுப்பது. கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் முடிக்கிற வேலையை இவர் ஒரு வாரம் செய்வார். விலை அதிகமாக இருப்பதற்கு அதுதான் காரணம். சீக்கிரம் முடித்தால் யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள்.

சலவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கோடையிலும் மின்விசிறி ஓடாது. ஓடினால் கம்பியில் காயப் போட்ட அட்டைகள் பறக்கும். அழைப்பு மணியின் ஒயரை அவரே பிடுங்கிவிட்டார். 'ழ'வின் கடைசிச் சுழியில் இருக்கும்போது யாராவது மணியடித்தால் அந்தச் சுழி பக்கத்து எழுத்தின் மடியில் போய் விழும். செல்போன் வாயடைத்துச் சமையல் சாமான் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். ஆகவே அவரைப் பார்க்க நினைப்பவர் மூன்று மாடி ஏறி, மணியில்லாத கதவைத் தட்டி, 'மை காயட்டும், இருங்க' என்ற குரலைக் கேட்டு, அதற்குப் பிறகும் பார்க்க விரும்புகிறவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அதிகம் பிறக்கவில்லை.

நகரத்தில் பாதிப் பேருடைய பெயர் அவர் கைவழியாகப் போயிருக்கிறது. ஒருவரையும் தெரியாது. எழுதும்போது அவர் பெயரைப் படிப்பதே இல்லை, வளைவைத்தான் பார்ப்பார். ஒருமுறை வங்கியில் புது மேலாளர் பெயர் சொல்லிக் கை நீட்டினார். "உங்க பேருல வர்ற 'ணை' ரொம்ப அழகா உக்காரும்" என்றார் அச்சு. மேலாளர் நீட்டிய கையைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஊருக்கெல்லாம் விசேஷ நாள் என்றால் இவருக்கு அது வேலை நாள். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போக முடிந்ததில்லை. ஆரம்பத்தில் இவர் சாக்குச் சொன்னார். பிறகு "அச்சுவுக்கு வேலை இருக்கும்" என்று அவர்களே சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். சாக்குச் சொல்லும் சிரமமும் மிச்சம்.

இப்படியிருக்கையில், நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தங்கை போன் செய்தாள். அவளுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். விருந்துக்குப் பெயரட்டைகள் வேண்டும். காசு எவ்வளவு என்று அவள் கேட்டதும், "வாயை மூடு" என்று சொல்லிவிட்டார். பல வருடங்களில் அண்ணன் தங்கையிடம் எடுத்துக்கொண்ட முதல் உரிமை அது. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். 'இது எங்க மாமா எழுதினது' என்று அந்தப் பெண் நாலு பேரிடம் சொல்வதை மனசுக்குள் கேட்டார். அதற்காகவே இருப்பதில் உசத்தியான தாளை வாங்கினார்.

பெயர்களைத் தங்கை குரல் செய்தியாகச் சொல்லி அனுப்பினாள். மிக்சி சத்தம், குக்கர் விசில், நடுநடுவே பெயர்கள். அச்சு ஒவ்வொன்றாக எழுதினார். கடைசிச் செய்தி வரை தன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். வரவில்லை. சொந்த அண்ணன் பெயரைச் சொல்லவேண்டுமா என்று விட்டிருப்பாள். தானே எழுதிச் சேர்த்திருக்கலாம். யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் வாடிக்கையாளர் வாயால் சொல்லாத பெயரை எழுதுவதில்லை என்பது அவர் தொழில் தர்மம். தர்மத்தை எங்கே காட்டக்கூடாதோ அங்கே சரியாகக் காட்டினார். அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக் கூரியரில் அனுப்பிவிட்டார்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் தங்கையின் அழைப்பு வந்தது.

"அண்ணா, ஒரு சின்ன பிரச்சனை."

"எழுத்துல தப்பு இருக்கா?"

"அதான் பிரச்சனையே. ஒரு தப்பும் இல்ல. சம்பந்தி வீட்ல பார்த்துட்டு, 'பிரிண்டு ரொம்ப நல்லா இருக்கே, எந்த பிரஸ்'னு கேக்கறாங்க."

"கையால எழுதினதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. சம்பந்தியம்மா சிரிக்கறாங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே கையெழுத்து மாதிரி வருதாமே, அதுதானேங்கறாங்க. எங்கண்ணன் கையால எழுதித் தரப்போறான்னு பார்க்கறவங்க கிட்டல்லாம் பீத்தி வெச்சிருக்கேன். இப்ப நான் புளுகினியாம்."

பின்னாலிருந்து தங்கையின் கணவர் குரல் வந்தது. "அங்கங்க கொஞ்சம் கோணலா எழுதித் தர முடியுமான்னு மச்சானைக் கேளேன்!"

அச்சுவுக்கு இது அவமானமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தங்கை முகத்துக்காக முயற்சி செய்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கோணலாக எழுதிப் பார்த்தார். எல்லா எழுத்தும் ஒரே அளவுக்கு, ஒரே பக்கம் சாய்ந்து, சீருடை போட்ட குடிகாரர்கள் அணிவகுத்துப் போவது மாதிரி நின்றன. 'வரலை' என்று செய்தி அனுப்பினார்.

தங்கையே வழி கண்டுபிடித்தாள். "நீ மண்டபத்துக்கு வந்து வாசல்ல உக்காரு. வர்றவங்க பேரைக் கேட்டு அங்கயே ஆளுக்கொரு சின்ன அட்டை எழுதிக் குடு. கண்ணால பார்த்தா நம்பித்தானே ஆகணும்?"

"நான் வரணுமா?"

"பின்ன? நீ வந்தாதானே எழுத முடியும்."

அச்சு அந்த 'பின்ன?'வை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். மீதியைக் கழுவிக் கொட்டிவிட்டார்.

புதுச்சட்டை வாங்கி, கீழே சலவைக் கடையில் இஸ்திரிக்குக் கொடுத்தார். "நாளைக்கு வேணும். எங்க வீட்டுக் கல்யாணம்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குச் சொந்தக்காரங்கல்லாம் இருக்காங்களா சார்?"

மறுநாள் மண்டப வாசலில், விரிப்புப் போட்ட உயரமான மேஜையும் அதற்கேற்ற உயரமான ஸ்டூலும் ஒரு விளக்கும் தயாராக இருந்தன. மேஜை மேல், 'நேரடிக் கையெழுத்துக் கலை' என்று ஒரு பலகை. தங்கையின் கணவர் ஏற்பாடு. கம்ப்யூட்டரில் அடித்தது.

அச்சு ஏறி உட்கார்ந்து நிப்பைத் துடைத்தார். கூட்டம் சேர்ந்தது. இத்தனை முகங்களைப் பெயரோடு சேர்த்து அவர் பார்த்ததே இல்லை. முகத்தைப் பார்த்தால் எழுத்து தவறியது. எழுத்தைப் பார்த்தால் முகம் போய்விட்டது. ஆகவே வழக்கம் போல எழுத்தையே பார்த்தார்.

"அங்கிள், என் நாய் பேரு எழுதுங்க" என்றது ஒரு குரல். மேஜைக்குக் கீழே ஒரு சிறுமி.

"பேரு சொல்லு."

"இன்னும் வைக்கல."

"வெச்சுட்டு வா."

"நாயே இன்னும் வாங்கல. நீங்க எழுதிக் குடுத்தா அப்பா வாங்கித் தந்துதான் ஆகணும்."

அச்சு யோசித்து, 'நாய்' என்றே எழுதிக் கொடுத்தார். 'ய்' நன்றாக வந்திருந்தது.

அடுத்து கோட்டுப் போட்ட ஒருவர். "இப்படி வந்து உக்கார மணிக்கு என்ன வாங்கறீங்க?"

"இது எங்க வீட்டுக் கல்யாணங்க."

"பிரமாதம்! எந்த வேலையையும் அப்படி நினைச்சுத்தான் செய்யணும். என்ன வாங்கறீங்க?"

கடைசியாக சம்பந்தியம்மா வந்தார். கொஞ்ச நேரம் குனிந்து, வித்தைக்காரனின் சட்டைக்கையைச் சோதிப்பது போலப் பார்த்தார். பிறகு நம்பிக்கை இல்லாமல், ஈரமாக இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கறுப்பான விரலை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "நிஜமாவே கைதான்!" என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். தூரத்தில் தங்கை முகம் மலர்ந்து, இரு கைகளையும் கூப்பி அண்ணனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். வழக்கு முடிந்தது. சாட்சி இறங்கலாம்.

எல்லாரும் விருந்துக்கு உள்ளே போனார்கள். வாசலில் ஆளில்லை. அச்சு நிப்பைக் கழுவி, மைப் புட்டியை மூடி, புதுச்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

மேஜை மேஜையாக நடந்தார். தான் எழுதிய அட்டைகளை முதல்முறையாகப் பெயர்களாகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவருக்கே விசித்திரமாக இருந்தது. குடும்பத்தார் மேஜையை இரண்டு தடவை சுற்றினார். ஒருவேளை யாராவது கிறுக்கலாகவாவது, ஒரு துண்டுத் தாளிலாவது, தன் பெயரைச் செருகியிருக்கலாம். இல்லை.

மண்டப மேற்பார்வையாளர் தோளைத் தொட்டார். "அண்ணே, வேலைக்கு வந்தவங்க சாப்பாடு பின்பக்கம்."

அச்சு நேராகத் தங்கையிடம் போனார். வாழ்நாளில் யாரிடமும் கேட்காததைக் கேட்டார். "எனக்கு எங்க இடம்?"

அவள் திரும்பினாள். "நீ இன்னும் கிளம்பலையா?" நிஜமான ஆச்சரியம். அதில் குத்தல் எதுவும் இல்லாததுதான் அதிகம் குத்தியது.

"நீ என் பேரைச் சொல்லல."

"அட்டையெல்லாம் நீதானே எழுதின? வேணும்னா நீயே..." நிறுத்திக்கொண்டாள். மகள் மேடையில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்ததை ஒரு கணம் பார்த்தாள். "இல்லண்ணா, பொய் எதுக்கு. உன் பேரைச் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். யோசிச்சுத்தான் விட்டேன்."

"ஏன்?"

"என் கல்யாணத்துல உனக்கு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன். அம்மா பக்கத்துல."

அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு வேறு யாருக்கோ உறைகள் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது சீரியல் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேறு யாரோ யார் என்று இப்போது யோசித்தார். அவர்கள் பெயரில் ஒரு எழுத்துகூட நினைவில்லை.

"ஆல்பத்துல குடும்பப் படம் எதைப் புரட்டினாலும் அந்தக் காலி நாற்காலி இருக்கும்" என்றாள் தங்கை. பால் தீர்ந்துபோனதைச் சொல்கிற குரல். "அம்மா கை அது மேலயே இருக்கும், யாரும் உக்காந்துடக் கூடாதுன்னு. இவ சின்னவளா இருக்கறப்ப, 'இது யாரு இடம்மா'ன்னு நோண்டி நோண்டிக் கேப்பா. இவ ஆல்பத்துல அப்படி ஒண்ணு வேணாம்னு பார்த்தேன். அவ்வளவுதான்ணா. கோவமெல்லாம் இல்ல."

"வேலை இருந்தது" என்றார் அச்சு.

"தெரியும்ணா. எப்பவும் இருக்கும்."

போட்டோகிராபர் கூப்பிட்டார். "சாப்பிடாம போயிடாதே" என்று சொல்லிவிட்டுத் தங்கை போய்விட்டாள்.

அச்சு வாசலுக்கு வந்தார். மேஜை மேல் வெற்று அட்டைகள் மிச்சம் இருந்தன. ஒன்றை எடுத்து விளக்கடியில் வைத்தார். மைப் புட்டியைத் திறந்தார். பிறகு மூடினார். தன் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பது? அட்டைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நாற்காலிக்கு.

அப்போது அவர் செய்த காரியத்தைப் பற்றி அந்தக் குடும்பத்தில் இரண்டு கருத்துகள் உண்டு. உட்கார்ந்திருந்த ஸ்டூலை இரண்டு கையாலும் தூக்கினார். கனமான சாமான். அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மண்டபத்தின் நடுவே நடந்தார். மேஜைகளில் இருந்தவர்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் ஓடி வந்து, முகத்தைப் பார்த்து, பாதியிலேயே நின்றுவிட்டார். குடும்பத்தார் மேஜையில், அதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்த தங்கைக்கும் கறுப்பு விரல் சம்பந்தியம்மாவுக்கும் பின்னால் கிடைத்த இடுக்கில், ஸ்டூலை இறக்கி வைத்தார்.

"மச்சான், என்னது இது?" என்றார் தங்கையின் கணவர், வாயில் கவளத்தோடு.

"ஸ்டூல், மாப்பிள்ளை" என்று சொல்லி அச்சு ஏறி உட்கார்ந்தார்.

அது வாசல் மேஜைக்காக வாங்கிய உயரம். விருந்து மேஜை அவருடைய முழங்காலுக்குக் கீழே எங்கேயோ இருந்தது. யாரோ நீட்டிய தட்டை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லார் தலைக்கும் மேலே, டென்னிஸ் பந்தய நடுவர் மாதிரி, தனியாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து மேஜைக்குப் பின்னால் நின்றார்கள். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார், இறக்கினார்.

"சார்... அந்த உயரமான சார். கொஞ்சம் இறங்கி நிக்கறீங்களா?"

அச்சு தட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தார்.

"அவர் அப்படியே இருக்கட்டும்" என்றாள் தங்கை. திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க எடுங்க."

பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் கழுத்தை வளைத்து மேலே பார்த்தார். "தம்பி யாரு?"

"பொண்ணோட மாமா."

"அப்படியா? இவ்வளவு நேரம் கண்ணுல படலையே."

அச்சு அதற்கு என்ன சொன்னாரோ, கேமரா வெளிச்சம் அடித்த சலசலப்பில் கிழவருக்குக் கேட்கவில்லை. எல்லாரும் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அச்சு கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உயரத்திலிருந்து தங்கையின் உச்சந்தலை தெரிந்தது. வகிட்டின் இரு பக்கமும் முடி வெளுத்திருந்தது. எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.